ஏமஸைச் சுட்ட பன்னிரண்டு பேர்

வர்ஜீனியா முகாம், செப்டம்பர் 1863

பிரியமுள்ள லவீனியா,

நான் சுகம். உன் இருமல் தேவலையா? குழந்தைகள் எப்படி?

பக்கத்துப் பண்ணை ஏமஸுக்கு அவன் மனைவி டோர்க்காஸ், "பிள்ளைங்க பட்டினி, வந்துடுங்க" என்று எழுதியிருந்தாள். படையை விட்டு ஓடினான், பிடித்துவிட்டார்கள். அவனைச் சுட எங்கள் ஊர்க்காரர்களிலேயே பன்னிரண்டு பேரைப் பொறுக்கினார்கள். நானும் ஒருவன்.

"நெஞ்சுலயே சுடு ஜாஸ்பர், அரைகுறையா விட்டுடாதடா" என்றான் ஏமஸ் என்னிடம். சுட்டோம். விழுந்தும் துடித்தான். கேப்டன் மறுபடி சுடச் சொன்னார்.

காய்ச்சலில் போய்விட்டான் என்று டோர்க்காஸிடம் சொல். அவள் கடிதத்தால்தான் என்று அவளுக்குத் தெரியவே கூடாது.

கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்பு. முரசு அடிக்கிறார்கள், போக வேண்டும். நீங்கள் பட்டினி கிடந்தாலும், சாப்பிட்டோம் என்றே எனக்கு எழுது. இல்லாவிட்டால் நானும் கிளம்பிவிடுவேன்.

உன் ஜாஸ்பர்