வேலாயுதத்தின் வயிற்றில் திறந்த வழி

செவ்வாய்த் தளம் மூன்று. மருத்துவப் பதிவு. எழுதுவது: கோமகள்.

நாள் 1, 07:10
இங்கே நாங்கள் மூன்று பேர். துளைப்பொறியாளர் வேலாயுதம், செடிக்கூடமும் சமையலும் பார்க்கும் பாக்கியமேரி, மருத்துவராக நான். போன வாரம் வேலாயுதத்தின் சிறுகுடல் முறுக்கிக்கொண்டது. கெட்ட பகுதியை வெட்டி, முனைகளைச் சேர்த்துத் தைத்தேன். இன்று காய்ச்சல் 38.9. காயத்தின் வழியே பச்சையும் மஞ்சளுமாகக் கசிகிறது. வெறும் சீழ் என்று நம்ப ஆசை.

நாள் 1, 09:30
நீலச் சாயம் குடிக்கக் கொடுத்தேன். இருபது நிமிடத்தில், கசிவைப் பிடிக்க வயிற்றில் ஒட்டியிருந்த பையில் நீலம் வந்துவிட்டது. உள்ளே என் தையல் விட்டுப்போய், குடலிலிருந்து தோலுக்கு வழி திறந்துவிட்டது. ஃபிஸ்டுலாதான்.

நாள் 3, 13:00
கிருமிக்கு மருந்து. இழந்த உப்பும் நீரும் நரம்பு வழியே. உணவும் அப்படியே. குடல்நீர் பட்டுத் தோல் வெந்துவிடாமல் களிம்பு. வாயில் ஒரு சொட்டும் கூடாது. குடல் சும்மா கிடந்தால் ஓட்டை தானாக மூட வாய்ப்புண்டு. பொறுத்தார் பூமி ஆள்வார் என்பார்கள். பூமி கிடக்கட்டும், இந்த ஓட்டை மூடினால் போதும்.

நரம்புணவு நாற்பது பை, நாளுக்கு ஒன்று. சரக்குக் கலம் வரத் தொண்ணூறு நாள். 'வாய்வழி எதுவும் கூடாது' என்று கதவில் ஒட்டினேன். மேரி ஏன் என்று கேட்டாள். அப்புறம் சொல்கிறேன் என்றேன். நின்றபடியே தூங்குகிறேன், யார் விளக்கிக்கொண்டிருப்பது?

நாள் 16, 12:15
ஒரு நாள் கசிவு 900 மில்லியிலிருந்து 220க்கு இறங்கிவிட்டது. காய்ச்சல் இல்லை. பல நாளுக்குப் பிறகு உட்கார்ந்து சாப்பிட்டேன். மூன்று தட்டும் வைத்த பிறகே சோற்றில் கை வைப்பது இங்கே வழக்கம். மேரி இன்னும் மூன்றுதான் வைக்கிறாள்.

நாள் 24, 08:00
கசிவு 640. புரியவில்லை.

நாள் 27, 10:45
810. கீழே எங்கோ அடைப்பு இருக்க வேண்டும். இருந்தால் தானாக மூடாது. மிச்சம் பதினைந்து பை. பூமியிலிருந்து என் ஆசிரியர் ராசமாணிக்கம்:

"அவசரப்படாதம்மா. நாலாவது வாரத்துல குடல் ஒண்ணோடொண்ணு ஒட்டிக் கெடக்கும், கை வச்ச எடமெல்லாம் கிழியும். கசிவு ஏன் கூடுச்சுன்னு மொதல்ல பாரு."

ஐயாவிடம் ஸ்கேன் இருக்கிறது. என்னிடம் பதினைந்து பை இருக்கிறது. நாளை திறக்கிறேன்.

நாள் 28, 15:40
திறந்தேன். அடைப்பு இல்லை. தேடித் தேடிப் பார்த்தேன், எங்குமே இல்லை. ஒட்டியதைப் பிரிக்கையில் மூன்று இடம் கிழிந்தது. தைத்தால் நூல் நிற்கவில்லை. ஒரு கிழிசலிலிருந்து வெந்த அரிசிப் பருக்கை ஒன்று வந்தது. நரம்பு வழியே அரிசி போகாது.

நாள் 28, 18:05
அரிசி எப்படி உள்ளே போனது என்று கேட்டேன். மேரி, சமையலறை ஒலிபெருக்கியில்:

"டாக்டரம்மா, நான்தான் குடுத்தேன். பத்து நாளா, வடிச்ச கஞ்சி. ஒரு மனுசன் பட்டினி கெடக்கையில எனக்குச் சோறு எறங்கல. வயித்துல ஒண்ணுமில்லாம ஆள் எப்படித் தேறும்? நீங்க திட்டுவீங்க, சொல்லாதீங்கன்னு அவருதான் சொன்னாரு."

திட்டத் தோன்றவில்லை.

நாள் 31, 11:20
காய்ச்சல் 40.1. ரத்த அழுத்தம் 70, இறங்குகிறது. குடல்நீர் உள்ளேயே பரவிவிட்டது. இனி என் கையில் ஒன்றுமில்லை. அவன் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். பயமாக இருக்கிறது.

நாள் 31, 11:48
மேரி: "டாக்டரம்மா, என் கஞ்சிதான் அவரக் கொல்லுதா? உண்மையச் சொல்லிருங்க."

நாள் 31, 11:55
பதில் எழுதுகிறேன். அப்படியே இங்கே வைக்கிறேன்:

"இல்ல மேரி. கஞ்சியால ஓட்டை மூடத் தாமதமாச்சு, அவ்வளவுதான். கிழிச்சது நான். ஏன் குடுக்கக் கூடாதுன்னு நீ கேட்டப்ப நான் சொல்லல. ஏன் கசிவு கூடுச்சுன்னு ஒன்கிட்ட ஒரு வார்த்தை கேட்கவும் இல்ல. நீ பக்கத்து அறையிலதான் இருந்த. நான் கேட்டிருந்தா நீ"

நாள் 31, 11:57
முடிப்பதற்குள் அவன் கையில் நாடி நின்று