கிளிப்பச்சை நூலும் இரண்டு நாற்காலிகளும்

என்னங்க,

சாப்பாட்டு மேஜை நாற்காலிகள் இரண்டையும் தொடாதீர்கள். என் கிளிப்பச்சைக் கம்பளி நூல் அவற்றின் முதுகில் மாட்டியிருக்கிறது. நேற்று உங்கள் கைகளில் மாட்டி, நான் பாதி உருண்டை சுற்றுவதற்குள், "இந்த வயசுல இந்தக் கலரா? ஊரே சிரிக்கும்" என்று உதறிவிட்டுப் போனீர்களே, அதே நூல்தான். சாயம் போடும் பெண் தன் வீட்டு அடுப்பில் ஒரே பானையில் காய்ச்சிய நிறம். அவளே நினைத்தாலும் இன்னொரு முறை வராது.

இதில் ஸ்வெட்டர் பின்னத்தான் போகிறேன். அதைப் போட்டுக்கொண்டு உங்கள் தங்கை வீட்டுக்கும் வரத்தான் போகிறேன். சிரிக்கிற ஊர் சிரிக்கட்டும்.

சாப்பாடு அடுப்பு மேல் இருக்கிறது. நின்றுகொண்டே சாப்பிடுங்கள்.

பி.கு.: இன்னொரு சிட்டம் நூல் உருண்டையாகச் சுற்றாமல் கட்டாகவே இருக்கிறது. சாயங்காலம் நீங்கள் கை நீட்டினால் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நாற்காலிகள் இதுவரை வாயே திறக்கவில்லை.