வெள்ளைப் பந்தல்

15 மார்ச் 1987, ஞாயிறு

நான் படுத்தபடியே ஊர் பார்க்கட்டும் என்று மெத்தை போட்ட வேனுக்கு, என் வீட்டுக்காரர் நேற்று சூலியா தெருவில் கென்வஸ் துணிப் பந்தல் வாங்கி வந்தார். நீலம் கேட்டேன். வெள்ளையென்றால்தான் சூடு ஏறாதாம்.

இன்று காலையில் பிளாட் வாசலிலேயே வேனை நிறுத்தி, பக்கவாட்டில் கம்பி நிறுத்தி விரித்துப் பார்த்தார். ஆப்பரேஷனுக்குப் பிறகு நான் கீழே இறங்கியதே இல்லை. நோயாளி இருக்கிற வீட்டு வாசலில் வெள்ளைப் பந்தல் போட்டால் சனங்கள் என்ன நினைப்பார்கள்? இந்த மனுஷனுக்குத் தோன்றவே இல்லை.

கதவு தட்டும் சத்தம். திறந்தால் மேல்வீட்டு கமலா அக்கா, தலைவிரி கோலமாக அழுதுகொண்டு. என்னைப் பார்த்ததும் அழுகை நின்றுவிட்டது.

"நீயாடி கதவத் திறக்குற?"

"என் வீட்டுல நான்தான் லா திறக்கணும், அக்கா."

ஆஸ்பத்திரிக்கு ஒரு நாள்கூட எட்டிப் பார்க்காதவள், என்னைக் கட்டிக்கொண்டு மறுபடி அழுதாள். இந்த முறை நிஜமாக. திட்ட நினைத்தவள், அவள் தலைமுடியை அள்ளி முடிந்துவிட்டேன்.

விஷயம் தெரிந்ததும் இவருக்கு முகமே செத்துப்போனது. நாளைக்கே நீலமாக மாற்றிவிடுகிறாராம். வேண்டாம் என்றேன். கைத்தாங்கலாக இறங்கி, அந்தப் பந்தலுக்கு அடியிலேயே நாற்காலி போட்டு, பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்தேன்.

எல்லாரும் நன்றாகப் பார்க்கட்டும்.