உன் மொட்டைமாடியில் இறங்கிய ட்ரோன்

அடேய் முசுடு,

நேத்து சாயங்காலம் உன் மொட்டைமாடியில வந்து இறங்கின ட்ரோன் எங்க கம்பெனியோடதுதான். உன் தங்கச்சி போன் பண்ணிச் சொன்னா. துணிக்கொடி தப்பிச்சுதா?

சிக்னல் போனா ட்ரோன் தானா வீடு திரும்பணுமே. பறக்க விடறவங்க எது வீடுன்னு குறிக்க மறந்துட்டா என்ன ஆகும்? அதுக்காகத்தான் ஆரம்பத்துல உன் மாடியையே வீடுன்னு சாஃப்ட்வேர்ல ஒரு வரி எழுதி வெச்சோம், ஞாபகம் இருக்கா? அப்போ கம்பெனின்னா நீ, நான், ட்ரோன் விசிறியில சிக்கிக் கிழியற உங்கம்மாவோட போர்வைங்க. "சோதனைக்குத்தானே, அப்புறம் எடுத்துடலாம்"னு சொன்னவன் நான். எடுக்கவே இல்ல.

நம்ம சாஃப்ட்வேரை யார் வேணா திறந்து படிக்கலாம்னு விடணும்னு ஒத்தைக்கால்ல நின்னே. "நாலு பேர் கண்ணுல பட்டாத்தான்டா தப்பு வெளிய வரும்." நான் கேக்கல, பூட்டினேன். நீயும் போயிட்டே. ஆறு வருஷமா அந்த வரி யார் கண்ணுலயும் படல. நேத்து புதுசா சேர்ந்த பொண்ணு வீட்டைக் குறிக்க மறந்துட்டா. சிக்னலும் போச்சு. ட்ரோன் நேரா உன்கிட்ட வந்துடுச்சு.

இன்னிக்குக் காலையில சாஃப்ட்வேர் முழுசையும் எல்லாரும் படிக்கத் திறந்து விட்டுட்டேன். அந்த வரியை மட்டும் நீ எடுக்கணும்னு விட்டு வெச்சிருக்கேன்.

ட்ரோனைக் கூரியர்ல அனுப்பாதே. ஞாயித்துக்கிழமை நானே வர்றேன். மாடிக் கதவைப் பூட்டிடாதே.

உன் பழைய கூட்டாளி