சுவரோடு ஒட்டின கதவு

மே 4, ஞாயிறு

மகள் வித்தியாவின் கலியாணத்துக்கு நகரத்துக்கு வெளியே இல்-பிசார் தீவில் மண்டபம் பார்த்தோம். மண்டபமா அது! ஒரு இங்கிலிஸ் வியாபாரி, தன் நாட்டுப் பிரபுக்களின் கிராமத்து மாளிகை மாதிரியே கட்டினதாம். இடப்பக்கம் எத்தனை ஜன்னலோ வலப்பக்கமும் அத்தனை. அதில் ஒன்று பொய் ஜன்னல், உள்ளே வெறும் சுவர். நடுக்கூடத்தில் அகலமான ஓக் மரப் படிக்கட்டு. "அம்மா, நான் இதாலதான் இறங்கி வருவன்" என்றாள் மகள்.

பிறகு வீட்டைக் காட்டின பெண் கூடத்துச் சுவரைத் தள்ளினாள். கதவு! சுவரிலுள்ள அதே பூக்கடதாசி ஒட்டி, கைபிடியும் இல்லாமல். பின்னால் மேல்மாடிக்கு ஒடுக்கமான இருட்டுப் படி. வேலைக்காரர் விருந்தாளிகளின் கண்ணில் படக்கூடாதென்று கட்டினதாம். சொல்லும்போது அவளுக்குப் பெருமை வேறை.

சீ, என்ன மனுசர்? அவையள் சமைச்சது வேணும், முகம் மட்டும் வேண்டாமோ?

மே 6

வேலையிலும், கூட வேலை செய்யிற, வித்தியாவுக்கும் பழக்கமான அஞ்சலீனாவோடு அந்தக் கதவுக் கதைதான். "கட்டினவன் செத்து எவ்வளவு காலம், விடுங்கோ அக்கா" என்றாள்.

மே 25

சிவநேசம் மச்சாள் வந்தா. காலமான என் மனுசனின் அக்கா. தேத்தண்ணி குடித்து முடிய மெதுவாகச் சொல்லுறா: "கௌரி, தம்பி இல்லாத நேரம் நீர் கலியாணப் பொம்பிளைக்குப் பக்கத்தில நிக்கிறது நல்லாயிராது. நானும் மனுசனும் தாரை வார்க்கிறம். நீர் அந்தச் சுவர்க் கதவுக்குப் பின்னால நிண்டு வடிவாப் பார்க்கலாம்."

வடிவாப் பார்க்கலாமோ! நான் பெத்த பிள்ளை. அவர் போன பிறகு பனிக்குள்ள பஸ்சுக்கு நிண்டு, சென்ட் லோரன்ட் பக்டரியில மருந்துப் பெட்டி அடுக்கிப் படிப்பிச்சது ஆர்? நான் என்ன, பீடையோ? இவ்வளவு நாளும் ஆரோ செத்த இங்கிலிஸ்காரனைத் திட்டினனே!

யூன் 1

வித்தியாவுக்கு மூச்சு விடவில்லை. கலியாணம் குழம்பக்கூடாது. அஞ்சலீனாவிடம் மட்டும் கொட்டித் தீர்த்தேன். மச்சாள் சொன்ன இடத்திலேயே போய் நிக்கிறன், போங்கோ.

யூன் 8, ஞாயிறு

போய் நின்றேன். கதவிடுக்கால் ஓக் படிக்கட்டுத் தெரிந்தது. எல்லாரும் அதையே பார்த்தபடி, கமராக்காரரும் அங்கேதான். மேளம் தொடங்கிவிட்டது, பொம்பிளையைக் காணேல்லை. ஐயோ, பிள்ளைக்கு என்னவோ!

பின்னால் இருட்டுக்குள் கொலுசுச் சத்தம். வித்தியா! சேலையைத் தூக்கிப் பிடித்தபடி அந்த ஒடுக்கப் படியால் இறங்கி வாறாள். அஞ்சலீனா சொல்லிப்போட்டாள் போல.

"இதுக்குள்ள என்னம்மா செய்யிறீங்கள்?" பதிலுக்கு நிற்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு கதவைத் தள்ளினாள். அத்தனை சனமும் திரும்பிப் பார்க்க, சுவருக்குள்ளிருந்து இரண்டு பேருமாக வெளியே வந்தோம்.

தாரை வார்க்க ஆர் என்று ஐயர் கேட்டார். "அம்மா" என்றாள்.

அவளுடைய பட்டுச் சேலைக் கரையெல்லாம் ஒட்டடை. காலமை தட்டவேணும்.