நீ மறைத்த விரல்

கோயில் கதவுக்கு வர்ணம் அடிக்கிறார்கள், அக்கா. உன் படம் புதிதாக வந்தபோது அடித்த அதே எண்ணெய் வாசனை, காலையிலிருந்து தோட்டத்து லயத்து வீடுகளைச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. எனக்கு வேலை ஓடவில்லை. இரண்டு தரம் உன் வீட்டுக்குப் போய் உன் படத்தைப் பார்த்துவிட்டு வந்துவிட்டேன்.

நீ காய்ச்சலில் போனபின் உன்னைக் கட்டின மாமாவிடம் மிஞ்சியது, லூபோக் சீனா சந்தையில் நாம் இருவரும் நின்று எடுத்த ஒரே போட்டோதான். அதை மலாக்காவில் படம் எழுதுகிறவரிடம் கொண்டுபோனோம். பட்டுச்சேலை கட்டி நாற்காலியில் உட்கார்ந்த உடம்புகளை அவர் முன்கூட்டியே எழுதி வைத்திருப்பார். செத்தவர் முகத்தை மட்டும் அதில் சேர்ப்பார். உனக்கும் அப்படித்தான். முகம் உன்னுடையது. தோள் இரண்டும் ஒரே மட்டம். மடியில், வேலை தெரியாத மெத்தென்ற கைகள்.

"மகாராணி கணக்கா இருக்கா," என்றார் மாமா.

தோளில் காண்டாக் கம்பு வைத்து, அதன் இரு முனையிலும் ரப்பர் பால் வாளி தொங்கவிட்டுச் சுமந்து சுமந்து வலத் தோள் இறங்கினவள் நீ.

"இது ஆபீஸு கிராணியோட சம்சாரம் உடம்பு. எங்கக்கா இல்ல," என்றேன்.

படக்காரர் சிரித்தார். "எல்லாரும் அழகாக்கச் சொல்றாங்க, நீ கெடுக்கச் சொல்றியேம்மா! அவங்க கை எப்படின்னு எனக்கென்னா தெரியும்? போட்டோவுலயே இல்லையே."

நானே அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். உன்னைப்போல் தோளை இறக்கினேன். பால்வெட்டுக் கத்தி பட்டு வளைந்த உன் இடது சுட்டுவிரலை, என் விரலை மடக்கிக் காட்டினேன். அவர் அழித்து எழுதினார்.

படம் வீட்டுக்கு வந்ததும் மாமா அந்த விரலைத்தான் தொட்டார். நீ போன அன்றுகூட அழாத மனுஷர், "வந்துட்டியா புள்ள," என்று உடைந்துபோனார்.

எனக்குப் பெருமையாக இருந்தது. போட்டோவைப் பெட்டியில் வைக்கும்போதுதான் நினைவு வந்தது. போட்டோக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டதும், "அடியே, கிட்ட நில்லுடி. இந்தக் கோணவிரலு விழுந்துடப் போவுது," என்று சொல்லி, அந்தக் கையை என் முதுகுக்குப் பின்னால் ஒளித்தாய். நீ ஒளித்ததை நான் லயத்துக்கே காட்டிவிட்டேன்.

பூ வைக்கையில் ஒரு செம்பருத்தியைக் கீழ்ச்சட்டத்தில் செருகி அந்த விரலை மறைக்கிறேன். மறைத்தால் நீ இல்லை, பட்டுச்சேலைதான் இருக்கிறது. எடுத்துவிடுகிறேன். வாசல்வரை வந்து, திரும்பிப் போய் மறுபடி மறைக்கிறேன்.

கோபமா, அக்கா? ரப்பர் நிரையில் பால் வெட்ட மரத்துக்கு மரம் குனியும்போதெல்லாம் உன் கை இன்னும் என் முதுகில் இருக்கிறது. மற்ற விரல்கள் படிந்து, அது ஒன்று மட்டும் படியாமல்.