முதுகு சொறியும் குச்சி

ஏன்னா,

கோயிலிலிருந்து வந்ததும் என்னைக் காணோம் என்று பதறாதீர்கள். பிசியோதெரபி சந்தியாவோடு மாடிப்படி இறங்கி மாட வீதி முனை வரை நடக்கப் போகிறேன். “நான் சொல்ற வரைக்கும் படியில காலை வைக்காதே” என்று நேற்று கத்தினீர்களே, சந்தியா இன்று வைக்கச் சொல்லிவிட்டாள்! இறங்கும்போது இடுப்பு ஆபரேஷன் ஆன கால்தான் முதலில். பாடம் மறக்கவில்லை.

செருப்பைக் குனியாமல் நானே மாட்டிக்கொண்டேன், உங்கள் முதுகு சொறியும் குச்சியால். அலம்பாமல் சொறிந்துகொள்ளாதீர்கள்.

சாத்தமுது சூடாக மூடி வைத்திருக்கிறேன்.

கமலவல்லி

பின்குறிப்பு: ஆறு வாரமாக நீங்கள் என் காலைத் தொட்டுச் செருப்பு மாட்டிவிடும்போதெல்லாம் “ஐயோ, எனக்குப் பாவம் சேர்றது” என்று அலறினேன். இனி நீங்கள் குனிய வேண்டாம்.

இன்னொன்று: நாளைக்கு அந்தக் குச்சியை எங்கேயாவது ஒளித்து வைத்துவிடுங்கள்.